மாவட்டக் கணக்கில் தொலையும் தீவு

சாதாரணதரப் பெறுபேறு வந்த கிழமையிலேயே யாழ்ப்பாணத் தீவகத்தின் நாரந்தனை வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ எடுத்த பிள்ளையை உயர்தரத்துக்கு எங்கே விடுவது? ஊர்காவற்துறை புனித அந்தோனியார் கல்லூரியா, கரம்பொன் சண்முகநாதாவா, வேலணை மத்திய கல்லூரியா? இல்லாவிட்டால் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாண நகரத்துக்கே அனுப்பிவிடுவதா? கலைப்பிரிவு என்றால் பேச்சு நீளாது. பயோ, மற்ஸ் என்றால்தான் தாய் தகப்பனுக்கு நித்திரை குறையும். நகரத்தில் பெரியம்மா வீடோ சித்தி வீடோ இருக்கிறதா, அறை எடுத்துக் கொடுக்கக் காசு இருக்கிறதா, விடியப் பஸ் ஏறிப் போய்ப் பின்னேர ரியூசனும் முடித்து இருட்டில் திரும்ப அந்த உடம்பு தாங்குமா என்றெல்லாம் கணக்குப் பார்ப்பார்கள். "பிள்ளை கெட்டிக்காரி, ரவுனுக்கு விடுங்கோ" என்று ஊர்ப் பாடசாலை ஆசிரியரே சொல்வார். தன் வகுப்பின் மிகச்சிறந்த பிள்ளையை வெளியே போ என்று சொல்ல வேண்டிய நிலை அவருக்கு.

இவ்வளவு கவலையும் எதற்கு? இலங்கையில் பாடசாலையின் பெயருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் அரைப் புள்ளிகூடக் கிடையாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது உயர்தரத்தில் மூன்று பாடங்களின் இசட் புள்ளியை. ஒரு பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதை அந்தப் பாடத்தின் புள்ளிப் பரவலைக் கொண்டு அளந்து, மூன்று பாடங்களுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்து, நான்கு தசமதானம் வரை தருவார்கள். 2001 தொடக்கம் இதுதான் முறை. நான்காம் தசமதானத்தில் மருத்துவ பீடத்தைத் தவறவிட்ட பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு.

அதன் பிறகு பங்கீடு வரும். கலைப்பிரிவு போன்ற சிலவற்றைத் தவிர்த்துப் பெரும்பாலான துறைகளில் 40 வீதம் முழு நாட்டுக்குமான திறமை வரிசைப்படி, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு. விண்ணப்பத்தில் பாடசாலையைக் கேட்பது, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டத்தில் படித்தது என்று அறிவதற்காக மட்டும். அந்த மாவட்டத்துக்குள்ளே எந்தப் பாடசாலை, அங்கே இரசாயனவியல் படிப்பிக்க ஆள் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் பாடசாலை தன் வேலையைப் பரீட்சைக்கு முன்னமே செய்து முடித்துவிடுகிறது. இலங்கைப் பாடசாலைகளில் 1ஏபி என்ற வகையில் மட்டும்தான் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை இரண்டு என்றால் பதினோராம் ஆண்டோடு சரி. எந்த வகைப் பாடசாலை அருகில் இருக்கிறது என்பது, ஒரு பிள்ளை வைத்தியராகும் கனவைக் காணலாமா என்பதையே ஊர் மட்டத்தில் தீர்மானிக்கிறது. 1ஏபி என்று பலகை இருந்தாலும் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஒரே ஆண்டில், ஆண்டு முழுவதும், ஆசிரியர் இருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அமிலமும் இருக்க வேண்டும், அதைக் கையாளக் காட்டித்தரும் கையும் இருக்க வேண்டும். தன்னைவிடக் கெட்டிக்காரியான இன்னொரு பிள்ளை பக்கத்து மேசையில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, வேம்படி, ஹாட்லி போன்ற இடங்களின் பெரிய சொத்து என்பது என் எண்ணம். பத்து வருடக் கடந்தகால வினாத்தாளைச் செய்து முடித்துவிட்டேன் என்று நண்பன் சொல்லும்போது வரும் பதற்றத்தை எந்த ஆசிரியராலும் தர முடியாது.

தீவிலிருந்து நகரத்துப் பாடசாலைக்குப் போவது புதிய பழக்கமுமில்லை. கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் ஊர்காவற்துறை புனித அந்தோனியாரில் தொடங்கி யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரிக்குப் போனவர். நீரிணைக்கு அந்தப் பக்கம், இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாமும் தீவை விட்டு இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்த் தங்கிப் படித்தவர். அக்காலத்தில் தீவில் ஆரம்பக் கல்வி, கரையில் உயர்கல்வி என்ற ஏற்பாடு இரண்டு பக்கமும் ஒன்றுதான். பிறகுதான் இரண்டு நாடுகளும் வெவ்வேறு வழியில் போயின.

எங்கள் பக்கத்து வழிக்குப் பெயர் தரப்படுத்தல். அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் பெற்றோர் தலைமுறைக்கு முகம் மாறும். 1971இல் மொழிவாரியாக வெட்டுப்புள்ளியைப் பிரித்தார்கள். மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூலத்தில் 400க்கு 229 போதும், தமிழ் மொழிமூலத்தில் 250 வேண்டும் என்றானது. ஒரே ஆய்வுகூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று படிக்கப்போகிறவர்களுக்கு இரண்டு வாசற்படி. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. வரலாற்றாசிரியர் சி. ஆர். டி சில்வா தந்த கணக்கின்படி, நாட்டின் சனத்தொகையில் 7 வீதத்தைக் கொண்ட வடமாகாணம் 1969இல் விஞ்ஞானத் துறைகளுக்கான அனுமதியில் 27.5 வீதத்தைப் பெற்றிருந்தது. 1974இல் அது 7 வீதமாக இறங்கியது. மேல்மாகாணமும் 67 வீதத்திலிருந்து 27க்கு விழுந்தது.

மொழிவாரி வெட்டுப்புள்ளி அநீதி. அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் மாவட்ட ஒதுக்கீட்டை எதிர்த்து யாழ்ப்பாணம் வைத்த வாதத்தை இன்று தீவிலிருந்து திரும்பப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. அந்த 27.5 வீதத்தைத் தந்தவை யார் பாடசாலைகள்? வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி தொடங்கியது முதல் மிஷனரிமாரும் பிறகு சைவப் பெரியோரும் கட்டியெழுப்பிய சில கல்லூரிகள். நெடுந்தீவிலும் நாரந்தனையிலும் இருந்த பிள்ளைக்கு அவை தூரத்து வெளிச்சம். சாதியால் ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கு, பக்கத்திலே இருந்தாலும் தூரம்தான். வகுப்பறையில் சம ஆசனத்துக்கே 1930 அளவில் போராட வேண்டியிருந்த சமூகம் இது. பதுளைப் பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று நாங்கள் சொன்னோம். யாழ்ப்பாணத்துக்குள்ளே ஒரே அளவுகோல் சரியா என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

இலங்கை மாவட்டம் என்ற அளவுகோலைப் பிடிப்பதற்கு ஆறு வருடம் முன்னர்தான் இந்தியா அதைக் கைவிட்டது. அதுவும் சென்னை மாநிலத்து வழக்கு ஒன்றினால். மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்ட வாரியாகப் பகிர்ந்த சென்னை அரசின் விதியை, இராஜேந்திரன் வழக்கில் 1968 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஒரு மாவட்டத்தில் அதிக மதிப்பெண் பெற்றவர் வெளியே நிற்க, இன்னொரு மாவட்டத்தில் குறைந்தவர் உள்ளே போவார், அது சமத்துவத்துக்கு எதிரானது என்பது தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்பில், சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய சாதிகளுக்கான இடஒதுக்கீட்டை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதாவது ஊரைப் பார்க்காதே, சாதியைப் பார்க்கலாம் என்று அங்கே முடிவானது. எங்கள் நாட்டிலோ சாதியை யாரும் வாயால் சொல்லவில்லை, ஊரை மாவட்டம் என்ற அளவில் பார்த்தார்கள். பாக்குநீரிணையின் இரு கரையிலும் ஒரே காலத்தில் எடுத்த இந்த இரு முடிவுகளையும் பக்கத்தில் வைத்து யாராவது முழுமையாக எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதன்பின் தமிழ்நாடு எத்தனையோ தரம் அளவுகோலை மாற்றியது. 1984இல் பொறியியல், மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு வந்தது. கிராமத்துப் பள்ளியில் படித்தவருக்கு 15 சதவீதம் என்று 1990களின் பிற்பகுதியில் ஒரு முயற்சி நடந்தது, நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை. 2006இல் சட்டம் இயற்றி நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள், பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானது. அந்தக் காலத்தில்தான் நாமக்கல், இராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் உச்சிக்குப் போயின. பதினோராம் வகுப்புப் பாடத்தை மேலோட்டமாக விட்டுவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தவை அவற்றில் பல. பிராய்லர் பள்ளி என்று தமிழ்நாட்டார் பெயர் வைத்தார்கள். அங்கே படித்தால் கட்-ஆஃப் 200க்கு 198, 199. கடுமையான பள்ளியில் படித்தால் கல்லூரியில் இடம் உறுதி என்ற கணக்கு தெற்காசியாவிலேயே அவ்வளவு அப்பட்டமாக வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை. ஆனால் அதைக் கடுமையான படிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினோராம் வகுப்பின் அடிப்படைகளைத் தொடாமல் பொறியியலுக்குப் போன பிள்ளை முதல் வருடக் கணிதத்தில் என்ன பாடுபட்டிருக்கும்? 2017இல் மாநில முதலிடப் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தி, பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது இதற்கான மருந்தாகத்தான்.

அதே 2017இல் மருத்துவத்துக்கான தேசிய நுழைவுத் தேர்வான நீட் தமிழ்நாட்டுக்குள் வந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர். நீட்டில் இடம் பிடிக்க முடியவில்லை. செப்டம்பர் 1ஆம் திகதி அவர் உயிர் போனது. யாழ்ப்பாணத்திலும் அந்தச் செய்தியைப் படித்து அழுதவர்கள் இருந்தார்கள், ஏனென்றால் பரீட்சை விதி நடுவழியில் மாறினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நீட் வந்தபின் பள்ளியின் இடத்தைப் பயிற்சி மையம் எடுத்துக்கொண்டது. அரசுப் பள்ளியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கினார்கள்.

அதை ஈடுசெய்யத்தான் 2020இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நீதியரசர் கலையரசன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து எழுந்த சட்டம் அது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டிலும் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் அந்தப் பங்கு. முதல் வருடமே முந்நூறுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்பிபிஎஸ் படிக்கப் போனார்கள். மறுவருடம் பொறியியலுக்கும் அது நீண்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. 1968இல் மாவட்டம் என்ற அளவுகோலை இழந்த மாநிலம், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, பிள்ளை எந்த வகுப்பறையில் இருந்தது என்பதை அளவுகோலாக எடுத்திருக்கிறது. வறுமை, கிராமம், சாதி என்று எல்லாவற்றின் தடமும் அந்த வகுப்பறையில் பதிந்திருக்கும் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். எனக்கு அது மிகவும் சரியாகப் படுகிறது.

இப்போது நாரந்தனைப் பிள்ளையை இந்த இரண்டு முறைக்குள்ளும் வைத்துப் பாருங்கள். இலங்கை முறையில் அவள் யாழ்ப்பாண மாவட்டம். மருத்துவத்துக்கான யாழ்ப்பாண வெட்டுப்புள்ளி முல்லைத்தீவையும் மன்னாரையும்விட வழக்கமாக உயர்ந்தே நிற்கும். அதை உயர்த்துகிறவர்கள் நகரத்து, வடமராட்சி, வலிகாமத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகள். பின்தங்கிய 16 மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று என்பதால் அந்த 5 வீதத்திலும் ஒரு பங்கு மாவட்டத்துக்கு வருகிறது. வந்து யாரிடம் போகிறது? மாவட்ட வரிசையில் அடுத்து நிற்பவரிடம். அவர் அனேகமாக அதே பெரிய கல்லூரிகளில் ஒன்றின் மாணவர். பின்தங்கியது என்ற பெயரில் தீவுகளின் துன்பமும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது, பலன் பாலத்தைத் தாண்டி வருவதில்லை.

1984 வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அந்த வருடம் தனி மாவட்டமானது. அன்றிலிருந்து கிளிநொச்சிப் பிள்ளைக்குத் தனி வரிசை, தனி வெட்டுப்புள்ளி. போரிலே அந்த மண் பட்ட பாட்டுக்கு அது கொஞ்சமாவது கைகொடுத்தது. பிள்ளையின் மூளை மாறவில்லை, பாடசாலை மாறவில்லை, வரைபடத்தில் ஒரு கோடு மாறியது. நெடுந்தீவுக்கு அப்படிக் கோடு விழவில்லை. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் அளவில் படகில் போகவேண்டிய அந்தத் தீவின் பிள்ளை, கச்சான் காற்று எழுந்து படகு நின்றால் ஆசிரியரும் வராத அந்தப் பிள்ளை, பரீட்சையில் வேம்படிப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிற்கிறாள்.

தமிழ்நாட்டு முறை இங்கே வந்தால் தீர்ந்துவிடுமா? அப்படியே வந்தால் தீராது. அங்கே அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பிரிப்பு ஏழை, வசதியானவர் என்ற பிரிப்பை ஓரளவு ஒத்துப் போகிறது. இங்கே 1960களின் தொடக்கத்தில் பாடசாலைகளை அரசு சுவீகரித்த பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் அரசுப் பாடசாலைதான், நெடுந்தீவு மகா வித்தியாலயமும் அரசுப் பாடசாலைதான். அரசு என்ற சொல் இங்கே எதையும் பிரித்துக் காட்டாது. அங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளை அந்த 7.5க்கு வெளியே நிற்கிறது. அதோடு நீட்டில் தகுதி பெற, இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதக்கூடிய வசதி அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் வேண்டியிருக்கிறது.

எங்களுக்குப் பொருத்தமான அளவுகோல் ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது. கல்வி அமைச்சு பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அங்கே சேவை செய்த ஆசிரியருக்குக் கொடுப்பனவு உண்டு, இடமாற்றத்தில் அந்தக் காலம் கணக்கில் வரும். ஆக, அங்கே சில வருடம் படிப்பிப்பது கஷ்டம் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கேயே பதின்மூன்று வருடம் படிக்கிற பிள்ளையின் கஷ்டம் மட்டும் இசட் புள்ளிக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் தீவகம் தனிக் கல்வி வலயம். நிர்வாகத்துக்கு அது தனி, ஆசிரியர் நியமனத்துக்கு அது தனி, அனுமதிக்கு மட்டும் அப்படி ஒரு இடமே இல்லை.

வெளிநாட்டில் பாடசாலைக்குப் பாடசாலை உள்ள வேறுபாட்டைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த உயர்பாடசாலையானாலும் அதன் வகுப்பில் முதல் பத்து வீதத்துக்குள் வந்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம். அங்கே கடுமையான பாடசாலையில் படிப்பது சிலருக்குப் பாதகமாகக்கூட ஆனது, ஏனென்றால் அங்கே முதல் பத்து வீதத்துக்குள் வருவது கடினம். எங்கள் தீவார் ஆயிரக்கணக்கில் வாழும் கனடாவின் ஒன்ராறியோவில் இன்னொரு வகை. அங்கே பாடசாலை கொடுக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளிதான் அனுமதிக்கு அடிப்படை. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம், எந்தப் பாடசாலையிலிருந்து வந்தவர்களின் புள்ளி முதல் வருடத்தில் எவ்வளவு விழுகிறது என்று வருடக்கணக்காகக் குறித்து, அதற்கேற்ப விண்ணப்பதாரரின் புள்ளியைச் சரிசெய்கிறது. ரொறன்ரோவில் பேரப்பிள்ளைக்குப் பாடசாலை தேடும் நாரந்தனை அப்பப்பாவுக்கு இந்த விபரம் தெரியும். தான் விட்டுவந்த ஊரின் பாடசாலைக்கு இப்படி ஒரு கணக்கு இல்லை என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

புலம்பெயர்ந்தோர் தீவகப் பாடசாலைகளுக்குச் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1990இல் இராணுவம் தீவுகளுக்குள் வந்தபோது சனம் ஊரை விட்டு ஓடியது. திரும்பி வந்தவர்கள் பாதிகூட இல்லை. உடைந்த கட்டடங்களை நிமிர்த்தியதில் பழைய மாணவர் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மண்டபத்தைக் கட்ட முடிந்த காசினால் நிரந்தரமான இரசாயனவியல் ஆசிரியர் ஒருவரை நியமிக்க முடியாது. ஆளணியை அரசு மாணவர் தொகையைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறது. உயர்தர விஞ்ஞான வகுப்பில் நாலு பிள்ளை இருந்தால் ஆசிரியர் கிடைப்பது அரிது. ஆசிரியர் இல்லையென்றால் அந்த நாலு பிள்ளையும் நகரத்துக்குப் போகும்.

தமிழ்நாட்டின் மாதிரிப் பள்ளித் திட்டத்தை இந்த இடத்தில் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அரசுப் பள்ளிகளில் சிறந்த பிள்ளைகளைத் தேர்ந்து மாவட்டத்துக்கு ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துப் படிப்பிக்கிறார்கள். அங்கிருந்து ஐஐடிக்கே போகிறார்கள், அந்தப் பிள்ளைகளைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் எங்கள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எத்தனையோ வருடமாகச் செய்துவருவதும் இதைத்தான். கெட்டிக்காரப் பிள்ளையைப் பத்து வயதிலேயே ஊர்ப் பாடசாலையிலிருந்து பெரிய பாடசாலைக்கு எடுத்துவிடும். தப்பியது அந்தப் பிள்ளை. பக்கத்து மேசை வெறுமையானது மற்றப் பிள்ளைக்கு.

ஆகவே நான் கேட்பது இது. யாழ்ப்பாண மாவட்டத்துக்குரிய ஒதுக்கீட்டுக்குள்ளே, குறைந்தது அந்த 5 வீதப் பங்கையாவது, கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் ஆறாம் ஆண்டு தொடக்கம் உயர்தரம் வரை படித்தவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு வைத்ததுபோல் ஏழு, எட்டு வருட நிபந்தனை இருந்தால், கடைசி நேரத்தில் பெயரை மட்டும் தீவுப் பாடசாலையில் பதிந்துவிட்டு நகரத்து ரியூட்டரியில் படிக்கிறவர் உள்ளே வர முடியாது. தாழ்ந்த வெட்டுப்புள்ளியில் போகிறவர் பீடத்தில் சமாளிப்பாரா என்று கேட்பவர்களுக்கு, வாட்டர்லூ செய்வதைப் பல்கலைக்கழகங்களே செய்யலாம். எங்கிருந்து வந்தவர் எப்படித் தேறினார் என்ற ஏடு அவர்களிடம்தான் இருக்கிறது. ஊரில் நின்றே படித்தால் ஒரு வாய்ப்பு உண்டு என்று தெரிந்தால் வகுப்பில் நாலு பிள்ளை பத்தாகும், பத்துப் பிள்ளைக்கு ஆசிரியர் கேட்க அதிபருக்கு வாய் வரும்.

மருத்துவத்தில் இது வருடத்துக்கு ஒருசில ஆசனங்களுக்கு மேல் வராது. அந்த ஒருசிலவும் கொழும்புப் பிள்ளையிடமிருந்தோ காலிப் பிள்ளையிடமிருந்தோ போகாது. யாழ்ப்பாண நகரத்தில் இரவு பகலாகப் படித்த, எங்கள் உறவுக்காரராகவே இருக்கக்கூடிய ஒரு பிள்ளையிடமிருந்துதான் போகும். கேட்பதென்றால் அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனுக்கு முன்னால் நின்று, அதையும் சொல்லித்தான் கேட்க வேண்டும்.